டயாலிசிஸ் இயந்திரங்கள் பெருகுகின்றன. செவிலியர் பயிற்சி பெருகுகிறதா?

சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோதான் போக வேண்டும் என்றிருந்த நிலை தமிழ்நாட்டில் பெரிதும் மாறிவிட்டது. 2016-17 மத்திய நிதிநிலை அறிக்கையில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளுக்கு இந்தச் சிகிச்சை பரவலாகச் செல்ல அது வழிவகுத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழை நோயாளிகள் கட்டணமின்றி டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்று உறை வழியாகச் செய்யப்படும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. இவையெல்லாம் பெருமைக்குரிய முன்னேற்றங்கள்.

ஒவ்வொரு புதிய டயாலிசிஸ் பிரிவு திறக்கப்படும்போதும் எத்தனை இயந்திரங்கள், எத்தனை படுக்கைகள், எவ்வளவு செலவு என்ற விவரங்கள் செய்திகளில் இடம்பெறுகின்றன. அங்கே பணிபுரியப்போகும் செவிலியருக்கு எத்தனை வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது என்ற விவரத்தை நான் பார்த்ததில்லை. சிறுநீரகப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராகவும், பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பவராகவும் பணியாற்றியவள் என்கிற முறையில், இந்த ஒரு விவரம் ஏன் இயந்திரங்களின் எண்ணிக்கைக்கு இணையான முக்கியத்துவம் உடையது என்பதை விளக்க விரும்புகிறேன்.

12 மணி நேரத்தில் ஒரு வார வேலை: நலமான சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓய்வின்றி இயங்குகின்றன. அந்த வேலையை டயாலிசிஸ் இயந்திரம் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என 12 மணி நேரத்தில் செய்து முடிக்க முயல்கிறது. நம் நாட்டில் வாரம் இரண்டு முறை மட்டும் வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு எட்டு மணி நேரம்தான். நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி லிட்டர் ரத்தம் உடலிலிருந்து வெளியேறி, செயற்கைச் சிறுநீரகம் எனப்படும் வடிகட்டி வழியாகச் சென்று திரும்புகிறது. நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர். பெரியவர் ஒருவரின் உடலில் இருப்பது ஐந்து லிட்டர் அளவிலான ரத்தம்தான்; அதே ரத்தம் பன்னிரண்டு முறைக்கு மேல் உடலைவிட்டு வெளியே போய் வருகிறது என்று இதற்குப் பொருள்.

இத்தகைய சிகிச்சை ஒரு காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இன்று வீட்டிலிருந்து பேருந்தில் வந்து, நான்கு மணி நேரம் படுத்திருந்து, மீண்டும் பேருந்தேறிச் செல்பவர்களுக்கு இது செய்யப்படுகிறது. சிறுநீரக மருத்துவர் எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா நேரமும் இருப்பதில்லை. அந்த நான்கு மணி நேரத்தில் நோயாளியின் அருகில் தொடர்ந்து இருப்பவர்கள் செவிலியரும் டயாலிசிஸ் தொழில்நுட்பரும் மட்டுமே.

கையில் இருக்கும் உயிர்நாடி: ஒவ்வொரு முறையும் இவ்வளவு ரத்தத்தை உடலிலிருந்து எடுத்துத் திருப்பிச் செலுத்த ஒரு வழி வேண்டும். 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், தமனியையும் சிரையையும் இணைக்கும் டெஃப்லான் குழாயை உருவாக்கிய பிறகே, நாள்பட்ட நோயாளிகளுக்குத் தொடர்ந்து டயாலிசிஸ் செய்வது சாத்தியமாயிற்று. 1966இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ உள்ளிட்ட மருத்துவர்கள், கையிலுள்ள தமனியையும் சிரையையும் அறுவைசிகிச்சை மூலம் நேரடியாக இணைக்கும் ‘ஃபிஸ்டுலா’ முறையை வெளியிட்டனர். இன்றுவரை இதுவே நீண்டகால டயாலிசிஸுக்குச் சிறந்த வழியாகக் கருதப்படுகிறது.

ஃபிஸ்டுலா உள்ளவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசிகள் ஏற்றப்படுகின்றன. வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 300க்கும் மேற்பட்ட ஊசிக்குத்தல்களை அந்த ஒரு ரத்தக்குழாய் தாங்க வேண்டும். எளிதாக இருக்கிறது என்பதற்காக ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால், அங்கே குழாயின் சுவர் பலவீனமாகி உப்பிவிடும். ஒருநாள் வெடித்து ரத்தம் பீறிடவும் கூடும். ஏணியில் ஏறுவதுபோல ஒவ்வொரு முறையும் சற்று மேலே நகர்ந்து குத்தினால் குழாய் பல ஆண்டுகள் நிலைக்கும். இது செவிலியர் தெரிந்து கடைப்பிடிக்க வேண்டிய முறை. ஊசியை எடுப்பதற்கு முன்பு கையைப் பார்க்க வேண்டும். தொட்டு அதிர்வை உணர வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரத்தம் பாயும் ஓசையைக் கேட்க வேண்டும். அந்த ஓசை வழக்கத்தைவிடக் கூர்மையாக, விசிலடிப்பதுபோல மாறியிருந்தால் குழாய் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று ஊகிக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொன்னால் ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அடைபட்ட பிறகு தெரிந்தால், கழுத்தில் கதீட்டர் பொருத்த வேண்டிவரும்; அதன்வழி ரத்தத்தில் தொற்று ஏற்படும் அபாயம் பன்மடங்கு அதிகம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரத்தத்தை உடலுக்குத் திருப்பி அனுப்பும் ஊசி நழுவிவிட்டால், நிமிடத்துக்கு 300 மில்லி லிட்டர் என்ற கணக்கில் மூன்றரை நிமிடத்துக்குள் ஒரு லிட்டர் ரத்தம் படுக்கையில் கொட்டிவிடும். இயந்திரத்தின் எச்சரிக்கை மணி இதை எப்போதும் கண்டுபிடித்துவிடும் என்று நம்ப முடியாது. ஊசியைச் சரியான முறையில் ஒட்டுவதும், அந்தக் கையைப் போர்வையால் மூடவிடாமல் கண்ணில் படும்படி வைப்பதும்தான் பாதுகாப்பு. குளிர்கிறது என்று நோயாளி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ளும்போது, கையை மட்டும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லும் செவிலியர் என்ன காரணத்துக்காகச் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எடைக் கருவி சொல்வதும் சொல்லாததும்: சிறுநீர் பிரியாத நோயாளியின் உடலில் இரு சிகிச்சைகளுக்கு இடையே தேங்கும் நீரை இயந்திரம்தான் வெளியேற்றுகிறது. கூடுதல் நீர் இல்லாத நிலையில் அவருக்கு இருக்க வேண்டிய எடையை ‘உலர் எடை’ என்கிறோம். அன்றைய எடையிலிருந்து அதைக் கழித்து, எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று கணக்கிடுகிறோம். பார்ப்பதற்கு எளிய கழித்தல் கணக்கு. ஆனால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் நீரை எடுப்பது இதயத்துக்கு ஆபத்து என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் மூன்று லிட்டர்தான் அந்த வரம்பு.

நான் பணியாற்றிய ஒரு பிரிவில் நடந்தது இது. வெளியூரிலிருந்து வரும் ஒரு முதியவர், மதியச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே எடை பார்க்கும் மேடையில் ஏறிவிட்டார். அன்றைய எடை வழக்கத்தைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல். பணிக்குப் புதிதாக வந்திருந்த செவிலியர் அந்த எண்ணை அப்படியே எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர், எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு முதியவரின் கால்களைப் பார்த்தார், வீக்கம் இல்லை. மூச்சிரைப்பும் இல்லை. “ஐயா, பையை இறக்கி வச்சுட்டு இன்னொரு தடவ ஏறுங்க” என்றார். அந்த ஒன்றரை லிட்டரையும் சேர்த்து எடுத்திருந்தால், சிகிச்சையின் பாதியிலேயே அவருடைய ரத்த அழுத்தம் சரிந்திருக்கும். எண்ணையும் உடலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பாடப்புத்தகத்தால் மட்டும் வருவதில்லை. அருகில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

தண்ணீர் என்னும் மருந்து: டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் வீதம் ஓடுகிறது. ஒரு சிகிச்சைக்கு 120 லிட்டர். மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் ரத்தம், இந்தப் பக்கம் இந்தத் தண்ணீர். நாம் குடிக்கும் நீரில் கலந்திருக்கும் குளோரின் குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருவதில்லை. டயாலிசிஸ் நீரில் அது இருந்தால், சவ்வைக் கடந்து ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்த நீர் டயாலிசிஸ் பிரிவு ஒன்றுக்குள் வந்துசேர்ந்ததில் கல்லீரல் செயலிழந்து ஐம்பது பேர் அளவில் உயிரிழந்தனர். அங்கே இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

கோடையில் லாரித் தண்ணீர், மழைக்காலத்தில் கூடுதல் பிளீச்சிங் பவுடர் என்று மூலநீரின் தன்மை அடிக்கடி மாறும் நம் ஊர்களில் இந்த அபாயத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆர்.ஓ. சுத்திகரிப்பு அமைப்பைப் பராமரிப்பது தொழில்நுட்பரின் பணி. ஆனால், “இன்று குளோரின் சோதனை ஆகிவிட்டதா, முடிவு என்ன?” என்று கேட்ட பிறகே முதல் நோயாளிக்கு ஊசி ஏற்ற வேண்டும் என்பது செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பலருக்குக் குளிர் நடுக்கமோ தலைவலியோ வாந்தியோ வந்தால், நோயாளிகளைத் தனித்தனியாகக் கவனிப்பதோடு நீரையும் சந்தேகிக்க வேண்டும்.

தொற்றுத் தடுப்பும் இப்படித்தான். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பின் மீதும் ஏழு நாள்வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஒரு நோயாளியைக் கவனித்த கையுறையோடு அடுத்த நோயாளியின் இயந்திரப் பொத்தானை அழுத்துவது, ஒரே ஹெப்பாரின் குப்பியைப் படுக்கைக்குப் படுக்கை எடுத்துச்செல்வது போன்ற ‘சின்ன விஷயங்கள்’ வழியாகத்தான் தொற்று பரவுகிறது. அடுத்த நோயாளி காத்திருக்கும் அவசரத்தில் இவற்றைக் கைவிடாமல் இருக்க, அறிவுரை போதாது. உடலில் ஊறிய பழக்கமாக ஆக வேண்டும்.

இன்றைய பயிற்சி முறை: நம் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள், இளநிலைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். இரண்டிலும் சிறுநீரக நோய், மருத்துவ-அறுவைசிகிச்சைச் செவிலியம் என்னும் பெரிய பாடத்தின் ஒரு சிறு பகுதி. முதுநிலைப் படிப்பில் சிறுநீரகவியல் ஒரு சிறப்புப் பிரிவாக இருக்கிறது. ஆனால், முதுநிலை முடித்தவர்களில் பலர் ஆசிரியப் பணிக்குச் சென்றுவிடுகிறார்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் டயாலிசிஸ் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பட்டப் படிப்பு உள்ளது. தொழில்நுட்பருக்கு இருக்கும் முறையான பாதை, அதே அறையில் பணிபுரியும் செவிலியருக்கு இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? புதிதாக வரும் செவிலியர், மூத்தவர் ஒருவருடன் இரண்டு, மூன்று வாரங்கள் நின்று பார்க்கிறார். மூத்தவர் நன்கு கற்றவராக இருந்தால் நல்ல பழக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. இல்லையென்றால் குறுக்குவழிகளும் சேர்ந்தே கைமாறுகின்றன. எவர் எதைக் கற்றார் என்பதற்குப் பதிவேடு பெரும்பாலும் இருப்பதில்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அவர் ஓரளவு தேறிவரும் நேரத்தில் பணிச் சுழற்சியிலோ இடமாறுதலிலோ வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார். ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிபவர் என்றால், நிரந்தரப் பணி கிடைத்ததும் ஊரைவிட்டே போய்விடுகிறார். அதில் அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால், அந்தப் படுக்கைக்கு வாரம் மூன்று முறை வரும் நோயாளியின் கையில் மீண்டும் ஒரு புதியவர் ஊசி பிடிக்கிறார்.

அமெரிக்காவில் டயாலிசிஸ் மையத்தின் பொறுப்புச் செவிலியராக இருக்க, 12 மாதச் செவிலியப் பணி அனுபவத்துடன் மேலும் 6 மாத டயாலிசிஸ் அனுபவமும் வேண்டும் என்று மத்திய அரசின் விதியே சொல்கிறது. சிறுநீரகச் செவிலியருக்கான தொழில்முறைச் சங்கம் அங்கு 1969இலும், ஐரோப்பாவில் 1971இலும் உருவாகிவிட்டன. டயாலிசிஸ் பரவத் தொடங்கிய காலத்திலேயே, அதற்கென்று தனித் திறன் தேவை என்பதை அந்நாடுகள் உணர்ந்திருந்தன. அங்குள்ள எல்லாவற்றையும் அப்படியே இங்கு கொண்டுவர வேண்டியதில்லை; குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்றை வரையறுக்கலாம் அல்லவா?

எப்படிப் பயிற்றுவிக்கலாம்? என் அனுபவத்தில் பயன் தந்தது படிப்படியான முறை. முதல் இரண்டு வாரங்கள் ஊசியைத் தொடவே கூடாது. கை கழுவுதல், நீர்ச் சோதனை, எடை பார்த்தல், ஃபிஸ்டுலாவைத் தொட்டும் கேட்டும் அறிதல், இயந்திரத்தின் ஒவ்வோர் எச்சரிக்கை ஒலியும் எதைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவை மட்டும். அடுத்த கட்டத்தில், நன்கு முதிர்ந்த, எளிதான ஃபிஸ்டுலாக்களில் மேற்பார்வையுடன் ஊசி ஏற்றலாம். புதிதாக உருவாக்கப்பட்ட ஃபிஸ்டுலாவை அனுபவம் மிக்கவர்கள் மட்டுமே தொட வேண்டும். மூன்றாம் கட்டம் அவசரநிலை ஒத்திகை: ரத்த அழுத்தம் சரிதல், ஊசி நழுவுதல், குழாயில் காற்று புகுதல், மின்தடை. மின்சாரமும் மாற்று ஏற்பாடும் ஒருசேரக் கைவிட்டால், இயந்திரத்தின் பம்பைக் கையால் சுழற்றி ரத்தத்தை உடலுக்குத் திருப்பிவிடலாம். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் சுழற்றுவது என்பதை இருட்டில் தேடிக் கற்க முடியாது.

இந்தக் கட்டங்களைக் கடந்தாரா என்பதை எழுத்துத் தேர்வால் அறிய முடியாது. அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று, ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செயலையும் கண்ணால் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மூத்தவர் உள்பட அனைவருக்கும் அதே மதிப்பீடு நடக்க வேண்டும்.

செவிலியரின் திறன் கைகளோடு முடிவதில்லை. இளநீர் உடம்புக்கு நல்லது என்று வீட்டார் அன்போடு வெட்டிக்கொடுப்பார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். காய்கறியை நறுக்கி வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சமைப்பது எப்படி, கோடையில் தாகத்தைச் சமாளிப்பது எப்படி, மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசு ஆணையத்தில் பதிவுசெய்வது எப்படி என்பனவற்றை நோயாளி கேட்பது பெரும்பாலும் செவிலியரிடம்தான். வாரந்தோறும் நான்கு மணி நேரம் உடன் இருப்பவரிடம்தானே மனம் திறக்கும்? அந்தப் பேச்சையும் பயிற்சியின் பகுதியாக்க வேண்டும்.

வீட்டுக்குச் செல்லும் டயாலிசிஸ்: வயிற்று உறை வழி டயாலிசிஸில், நோயாளியோ குடும்பத்தினரோ ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை திரவப் பையை மாற்றிக்கொள்கிறார்கள். தொலைவில் வசிப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால், அங்கே செவிலியரின் வேலை ஆசிரியர் வேலையாக மாறுகிறது. கதவைச் சாத்துவது, மின்விசிறியை நிறுத்துவது, கையைக் கழுவி நன்கு உலரவிடுவது, வெளியேறும் திரவம் கலங்கலாக இருந்தால் உடனே அழைப்பது என்று ஒவ்வொன்றையும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி கற்பிக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.4 முறைக்கு மேல் வயிற்று உறைத் தொற்று ஏற்படக் கூடாது என்பது இத்துறையின் பன்னாட்டு அமைப்பு வகுத்துள்ள இலக்கு. பை வீட்டுக்கு வந்துசேர்ந்தால் மட்டும் அந்த இலக்கை எட்ட முடியாது.

அரசு செய்யக்கூடியவை: ஏற்கெனவே வார்டுகளில் ஆள் பற்றாக்குறை இருக்கும்போது, செவிலியரைப் பயிற்சிக்கு அனுப்புவது எப்படி என்று மருத்துவமனை நிர்வாகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புதிய கட்டிடமோ பெரும் நிதியோ இல்லாமல் தொடங்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. சிறுநீரகவியல் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளை, சுற்றியுள்ள மாவட்டங்களுக்கான பயிற்சி மையங்களாக்கலாம். சில வாரங்கள் அங்கே, மீதியைச் சொந்த மருத்துவமனையில் மேற்பார்வையுடன் எனப் பயிற்சியைப் பிரிக்கலாம். பயிற்சி பெற்றவரைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பணிச் சுழற்சியிலிருந்து விலக்கலாம். இடமாறுதல் கேட்டால், செல்லும் ஊரில் உள்ள டயாலிசிஸ் பிரிவிலேயே பணியமர்த்தலாம். சிறப்புத் திறனுக்கு ஒரு படியும், பணிப் பதிவேட்டில் அதற்கான குறிப்பும் தரப்பட வேண்டும். அரசு, தனியார் மையங்களுக்குக் காப்பீட்டுத் தொகை வழங்குவதற்கான நிபந்தனைகளில், ஒவ்வொரு பணிநேரத்திலும் சான்று பெற்ற செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதைச் சேர்க்கலாம். 2023இல் நிறைவேற்றப்பட்ட தேசிய செவிலியம், மகப்பேறு உதவிச் சட்டத்தின் கீழ் அமையும் புதிய கட்டமைப்பில், டயாலிசிஸ் செவிலியத்துக்கென ஒரு குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பைத் தமிழ்நாடு முன்மொழியலாம்.

இவை பயன் தருகின்றனவா என்று அறிய, ஒவ்வொரு மையமும் நான்கு எண்களை மாதந்தோறும் எழுதிவைத்தால் போதும்: ஃபிஸ்டுலா வழியாகச் சிகிச்சை பெறுவோர் எத்தனை பேர், கதீட்டர் தொற்று எத்தனை, சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் சரிந்தது எத்தனை முறை, புதிதாக ஹெபடைட்டிஸ் தொற்றியவர்கள் எத்தனை பேர். ஊசிக்குத்தலையும் எடைக் கணக்கையும் கையுறையையும் செவிலியர் எப்படிக் கையாள்கிறார் என்பது இந்த நான்கிலும் தெரிந்துவிடும்.

டயாலிசிஸ் நோயாளிகளில் பலர், குடும்பத்துக்காக இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவர்கள். சிகிச்சை முடிந்த மறுநாள் கடை திறப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவர் என அவர்களுக்கு வாழ வேண்டிய வாழ்க்கை இருக்கிறது. அடுத்த டயாலிசிஸ் பிரிவின் திறப்பு விழா அழைப்பிதழில் இயந்திரங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், பயிற்சி பெற்ற செவிலியரின் எண்ணிக்கையும் அச்சிடப்பட வேண்டும். அதை அச்சிட முடியாத நிலை இருந்தால், திறப்பு விழாவைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, முதலில் அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம்.